தேரியின் பூட்டு

ஆடி பாதி கழிந்தும் சிவந்தான்விளையில் ஒரு வீட்டிலும் சன்னல் சாத்தப்படவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வந்த மேல்காற்று தென்னை மட்டைகளை முறுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. கொடிகளில் வெள்ளை வேட்டிகள் படபடத்தன. சாயங்காலம் எடுத்து மடிக்கும்போதும் அவை வெள்ளையாகவே இருந்தன.

நடுவயதைக் கடந்தவர்களுக்கு அது இன்னமும் நம்ப முடியாத விஷயம்தான். ஊருக்கு மேற்கே, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை, தேரி கிடந்தது. செக்கச்செவேலென்ற மணல் மேடுகள். முன்பெல்லாம் ஆடி வந்தால் அந்த மேடுகள் நகர்ந்து வரும். காலையில் கதவைத் திறந்தால் வாசல் இருக்காது, மணல்தான் இருக்கும். சோறு நறநறவென்று கடிபடும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள். இப்போது எவ்வளவு பெரிய காற்றுக்கும் தேரி அசைவதில்லை. அதன் மேல் ஒரு தோல் வளர்ந்திருந்தது.

அந்தத் தோலுக்கு மண்பூட்டு என்று பெயர். அப்பளத்தின் தடிமன்தான் இருக்கும். ஒரு வகைப் பாசியும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் சேர்ந்து வாழ்கிற படலம் அது. பனி ஈரத்தைக் குடித்து வளரும். பிசின் போல ஒன்றைக் கசிந்து மணலை மணலோடு ஒட்டிவிடும். தெளிபறவைகள் என்று ஊரார் அழைத்த சின்னப் பறக்கும் எந்திரங்கள் ஒரே ஒரு பனிக்காலத்தில் தேரி முழுவதும் அதைத் தூவி முடித்தன. உயிருள்ள பூட்டு என்பதால் எங்காவது கீறல் விழுந்தாலும் அடுத்த பனியில் தானே ஆறிவிடும். ஆனாலும் யாரும் மிதிக்கக் கூடாதென்று சுற்றிலும் வேலி போட்டிருந்தார்கள்.

அதைக் கண்டுபிடித்தவள் எமிமாள். சிவந்தான்விளைக்காரிதான். மண்ணில் வாழும் உயிர்களைப் பற்றிப் படித்துவிட்டு வெளியூரில் வேலை பார்த்தவள், மகள் செரின் பிறந்ததும் ஊரோடு வந்துவிட்டாள். பிறந்ததிலிருந்தே செரினுக்கு இழுப்பு. ஆடியில் குழந்தையின் நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கும். மருந்துப் புகை பிடிக்கும் முகமூடியை அதன் வாயில் பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில்தான் எமிமாளுக்கு அந்த யோசனை வந்தது. மணலைத் தடுக்க எல்லோரும் மரம் நட்டார்கள், சுவர் எழுப்பினார்கள். மணலையே ஏன் கிளம்பவிடாமல் செய்யக் கூடாது?

செரினுக்கு இப்போது பதினொரு வயது. பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள். மண்பூட்டு பாலைவன நாடுகள் பலவற்றுக்கும் போயிருந்தது. தேரியை ஒட்டிய வெற்று நிலத்தில் புதுத் தெருக்கள் முளைத்தன, வாழைத் தோட்டங்கள் வந்தன. எமிமாளைப் பார்த்தால் பெண்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள்.

எமிமாளின் கணவன் ரெமிஜியூஸ் கிழக்கே உள்ள கடற்கரை ஊரான புன்னைத்துறையைச் சேர்ந்தவன். அங்கேயே கடல் ஆய்வு நிலையத்தில் வேலை. இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன், "அண்ணன் உன்னைக் கொஞ்சம் கடலுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

அண்ணன் கஸ்பார் முன்பு மீன் பிடித்தவர். இப்போது கண்ணாடி அடிப்பலகை வைத்த படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகிறார். கடல் அவ்வளவு தெளிவாகிவிட்டது. படங்களில் வரும் தீவுகளைப் போல நீலம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்கவே வந்தார்கள்.

கரையிலிருந்து நன்றாக உள்ளே வந்ததும் கஸ்பார் எந்திரத்தை நிறுத்தினார். "கீழ பாரு எமிமா."

கண்ணாடிக்குக் கீழே கடலடி மணலின் வரிகள்கூடத் தெரிந்தன.

"அழகா இருக்கு அத்தான்."

"அழகுதான். அடி தெரியுது. மீனைத்தான் காணல. மூச்சை நல்லா இழுத்துப் பாரு."

எமிமாள் இழுத்துப் பார்த்தாள்.

"என்ன வாசம் வருது?"

"ஒண்ணும் வரலியே."

"அதான். கடல் வாசம் போயி நாலஞ்சு வருசமாச்சு. என் வீட்டுக்காரி நான்தான் சளி பிடிச்சு உளறுதேன்னு சொன்னா. அப்புறம் அவளும் வந்து மோந்து பாத்தா."

அவர் படகைத் திருப்பினார். சொல்ல வேண்டியது தம்பியின் பங்கு என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்தது போலிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ரெமி பேசினான். சுற்றி வளைக்கவில்லை.

"தேரி ஏன் செவப்பா இருக்கு எமிமா?"

"இரும்பு. துரு."

"ஆடியில அந்தத் தூசி எங்க போய் விழும்?"

அவள் கடல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கடல்ல மத்த சத்தெல்லாம் இருக்கு. இரும்பு மட்டும் வெளியில இருந்துதான் வரணும். குழம்புக்கு உப்பு மாதிரி, ஒரு துளிதான் வேணும், ஆனா அது இல்லாம ஒண்ணும் ஆகாது. அந்தத் துளியைக் காத்துதான் கொண்டுவந்து போட்டுக்கிட்டிருந்துச்சு. அதைத் தின்னுதான் மிதவைப்பாசி பெருகும். பாசியைத் தின்னுதான் சாளை வரும். சாளைக்குப் பின்னாடி மத்த மீன் எல்லாம் வரும். இப்போ பாசியே இல்ல. அதான் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

"இழுவை மடி வலை போட்டு வாரினது? கடல் சூடானது? அதெல்லாம் காரணம் இல்லையா?"

"அதெல்லாம் உண்டு. அதைக் கழிச்சும் பாத்துட்டேன். தண்ணியில என்னென்ன சத்து இருக்குன்னு அளக்குற கடல்முகர்விகளை வடக்கே வேம்பாறு வரைக்கும் போட்டு வச்சிருக்கோம். தேரித் தூசி முன்னால எங்கெல்லாம் விழுந்துச்சோ, அங்கதான் கடல் காலியா இருக்கு. கோடு கிழிச்ச மாதிரி."

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"போன வருசம்."

"போன வருசமே தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

ரெமி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "செரின் அப்போதான் ஓட்டப் பந்தயத்துல சேர்ந்திருந்தா."

அவன் கணக்கில் தவறு இருக்கும், இருக்க வேண்டும் என்று எமிமாள் நினைத்தாள். தவறைக் கண்டுபிடிக்கத்தான் அவனுடைய அளவீடுகளை வாங்கி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தாள். தவறு கிடைக்கவில்லை. அவன் கவனிக்காத இன்னொன்று கிடைத்தது.

கடல் வாசம் என்று கஸ்பார் சொன்னது மிதவைப்பாசி விடுகிற ஒரு வாயு. அது மேலே போய்க் காற்றில் நுண்ணிய துகள்களாக மாறும். நீராவி வெறும் காற்றில் துளியாகிவிடாது. ஒட்டிக்கொள்ள அதற்கு ஏதாவது ஒரு துகள் வேண்டும். அப்படிப் பாசி அனுப்புகிற துகளைப் பிடித்துக்கொண்டுதான் கரையோரம் மேகம் கட்டும். வாசம் போனதிலிருந்து ஐப்பசி மேகங்கள் இந்தக் கரையில் மெலிந்துகொண்டே வந்திருந்தன. வானம் பொய்த்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எமிமாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பெய்த கொஞ்ச மழைக்கும் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் போயிருந்தது. தேரி மணல் மழையை விழ விழக் குடித்துவிடும். குடித்த தண்ணீர் அடியில் மெதுவாக நகர்ந்து ஊர்க் கிணறுகளுக்கு வரும். கடல் உப்பு உள்ளே ஏறாமல் எதிர்த்து நிற்கும். இப்போது மழை பூட்டின் மேல் விழுந்து, கூரையில் வழிவது போல வழிந்து ஓடைக்குப் போய்விட்டது. வாழை இலைகள் ஓரம் கருகியதற்குப் புது நோய் என்று மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். எமிமாள் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. சோதனைக் கருவியே தேவைப்படவில்லை.

மண் காற்றுக்குக் கொடுத்தது. காற்று கடலுக்குக் கொடுத்தது. கடல் மறுபடியும் காற்றுக்கும், காற்று மழையாக மண்ணுக்கும் கொடுத்தது. அவள் பூட்டியது மணலை மட்டும்தான் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

ரெமி மாலையில் வந்தபோது அவள் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "நீ சொன்னது சரி. ஆனா நீ சொன்னதைவிட மோசம்" என்று சொல்லிவிட்டு, கிணற்றையும் மேகத்தையும் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "பூட்டைக் கொல்ல முடியுமா?" என்றான்.

"முடியாது. உயிருள்ளதாச்சே. தானே ஆறணும்னுதான் பாத்துப் பாத்துச் செஞ்சேன். கொன்னாலும் அந்தப் புதுத் தெருவெல்லாம் ஒரே ஆடியில மண்ணுக்குள்ள போயிரும். கொஞ்சம் கொஞ்சமா, வருசா வருசம் கீறித்தான் திறக்கணும்."

செரின் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்தாள். இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஊர்க் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. புன்னைத்துறையிலிருந்து கஸ்பாரும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். எமிமாள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஊராட்சித் தலைவி ராஜபாக்கியம் எழுந்தார்.

"டாக்டரம்மா, நீங்க இதைப் போட்டு ஊரைக் காப்பாத்துனீங்க. இப்போ நீங்களே வந்து தப்புன்னு சொல்லுதீங்க. சரி. எங்க வீட்டுல ரெண்டு உசுரு நெஞ்சு அடைச்சுப் போயிருக்கு. மறுபடி அதே மண்ணைத் தின்னுன்னு எந்த வாயால நான் ஊர்க்காரங்ககிட்ட சொல்லுவேன்?"

"அக்கா, கிணறு உப்பாயிருச்சு. இப்படியே விட்டா வாழையும் போகும், குடிக்கவும் இருக்காது."

"அது தெரியுது. நான் கேக்கது வேற. உங்க மகளுக்கும் இழுப்பு உண்டுல்லா? உங்க வீட்டுக்கு நேரா இருக்க மேட்டைத் திறப்பீங்களா?"

கூட்டத்தில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் கேள்வியில் பகை இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

"அதைத்தான் முதல்ல திறக்கணும்னு நினைச்சேன்" என்றாள் எமிமாள்.

ராஜபாக்கியம் உட்கார்ந்து, "அப்போ திறங்க" என்றார்.

செரினிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. எமிமாள் எதையெதையோ தொடங்கி நிறுத்தினாள். கடைசியில் ஆடி, ஆவணிக்கு மட்டும் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் இருக்க வேண்டியிருக்கும் என்றாள்.

"எனக்காகத்தானே பூட்டுன?" என்று கேட்டாள் செரின்.

"ஆமா."

"அப்போ என்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாம்ல, திறக்கலாமான்னு?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

செரின் யோசித்தாள். "தெரியல" என்றாள். பிறகு, "சித்தி வீட்டுப் பக்கத்துல மைதானம் இருக்கா?" என்று கேட்டாள். எமிமாளுக்கு அழுகை வந்தது. மகளின் பையில் துணிகளை வேண்டுமென்றே கலைத்துக் கலைத்து மடித்து வைத்தாள்.

அடுத்த ஆடியில் மண்கீறி என்ற சக்கர எந்திரம் எமிமாள் வீட்டுக்கு நேர் மேற்கே இருந்த மேட்டின் மேல் ஊர்ந்தது. அதன் பற்கள் பட்ட இடத்தில் பூட்டு வறண்ட பொருக்காக உடைந்தது. காற்று உடனே அதைக் கண்டுபிடித்துவிட்டது. செந்நிறப் புழுதி எழுந்து, வீட்டுக் கூரையின் மேலாகப் போய், வயல்களைத் தாண்டி, கடலின் பக்கம் கரைந்தது. எமிமாள் முற்றத்தில் நின்று பார்த்தாள். பல்லில் மணல் கடிபட்டது.

ஆவணி முடிவதற்குள் புன்னைத்துறைக் கடல் பச்சை பூசியது. சுற்றுலாப் பயணிகள் தண்ணீர் கலங்கிவிட்டதென்று குறை சொல்லிவிட்டுப் போனார்கள். கஸ்பார் கண்ணாடிப் பலகையைக் கழற்றிவிட்டு மரப்பலகை அடித்தார். ஒரு காலையில் எமிமாளைக் கூப்பிட்டார். "சாளை வந்திருக்கு. நிறைய இல்ல. ஆனா வந்திருக்கு. வாசமும் வந்திருக்கு எமிமா. இப்போ என் வீட்டுக்காரி நாறுதுன்னு சொல்லுதா."

ஐப்பசியில் மேகம் சற்றுக் கனத்தது. திறந்த மேடுகளில் விழுந்த மழை ஒரு சொட்டும் வழியாமல் உள்ளே இறங்கியது. இரண்டாம் ஆண்டில் ஊர்க் கிணற்றில் கரிப்பு குறைந்தது. செரின் பாளையங்கோட்டையில் மாவட்ட அளவில் ஓடினாள். ஆடியில் வீடு வெறிச்சென்றிருந்தாலும் மற்ற மாதங்களில் அவள் இருந்தாள். இதோடு சரியாகிவிட்டது என்றே எமிமாளும் ரெமியும் நினைத்தார்கள்.

ஆனால் பூட்டு தானே ஆறிவிடும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கீற வேண்டும். எவ்வளவு கீறுவது, எந்த மேட்டைக் கீறுவது, எந்த நாளில் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். அதற்காகத் திறப்புக் குழு என்று ஒன்று அமைந்தது. எமிமாள் அதன் தலைவி. காற்றுக்கண் என்ற கருவி அன்றைய காற்றின் போக்கைச் சொல்லும். எந்த மேட்டைத் திறந்தால் எந்தத் தெருவின் மேல் புழுதி போகும் என்பது திரையில் கோடாக வரும். முன்பு யாருக்கும் தெரியாதிருந்த ஒன்று இப்போது கோடு போட்டுத் தெரிந்தது.

கோரிக்கைகள் வரத் தொடங்கின. வெள்ளிக்கிழமை கல்யாணம், அன்றைக்கு மட்டும் வடக்கு மேட்டைத் திறக்க வேண்டாம் என்றார் ஒருவர். தேர்வு நேரம் என்றார்கள் ஆசிரியர்கள். போன வருடம் தெற்குத் தெரு புழுதி தின்றது, இந்த வருடம் வடக்குத் தெரு தின்னட்டும் என்றார்கள். புன்னைத்துறைக்காரர்கள் இன்னும் நாலு மேட்டைத் திறக்கச் சொன்னார்கள். அதற்கும் வடக்கே உள்ள கரைக்காரர்கள், தங்கள் கடலுக்கு வர வேண்டிய தூசியைப் புன்னைத்துறை மறித்துக்கொள்வதாக ஆள் அனுப்பிக் கேட்டார்கள். கஸ்பாரும் ராஜபாக்கியமும் ஒருநாள் குழு அறையில் பேசிக்கொண்டிருந்தவர்கள், பேச்சு முற்றி, அதன் பிறகு எதிர்ப்பட்டாலும் பேசிக்கொள்வதில்லை.

எமிமாள் எல்லாவற்றையும் கேட்பாள். முடிந்தவரை பகிர்ந்து திறப்பாள். வயதானவர்களும் குழந்தைகளும் அதிகமுள்ள தெருக்களைத் தவிர்ப்பாள். தவிர்க்கிற ஒவ்வொரு தெருவுக்கும் பதிலாக இன்னொரு தெரு இருந்தது.

மூன்றாம் ஆண்டு ஆவணியில், திறப்பு நடந்த ஒரு நாளில், தெற்குத் தெருவில் தவசிமுத்து என்ற பெரியவர் மூச்சுத் திணறி இறந்துபோனார். ஏற்கெனவே நெஞ்சு நோய்க்காரர். எமிமாள் துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் போனாள். அங்கிருந்தவர்கள் அவள் உட்கார இடம் விட்டு விலகிக்கொண்டார்கள். அந்த இடம் தேவைக்கு மேல் பெரியதாக இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் தவசிமுத்துவின் மகள் கனகமணி குழு அறைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். புன்னைத்துறையில் கருவாட்டு வேலைக்குப் போகிறவள். சாளை திரும்பி வந்த பிறகுதான் அந்த வேலையே மறுபடி தொடங்கியிருந்தது. எமிமாள் எழுந்து நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை.

"சண்டை போட வரல" என்றாள் கனகமணி. "எங்கம்மாவும் மூச்சு முட்டித்தான் போனா, ஒரு ஆடியில. நான் சின்னப் பிள்ளை. காத்து கொண்டுபோயிருச்சுன்னு சொன்னாங்க. யாரைப் போயிக் கேக்க? அழுது முடிச்சோம். அப்பாவுக்கு அப்படி இல்ல. அன்னைக்கு ஒரு ஆள் இந்த ரூம்ல உக்காந்து, தெற்கு மேட்டைத் திறங்கன்னு சொல்லியிருக்காங்க. அந்த ஆள் நீங்க."

"ஆமா. நான்தான்."

"அதை எப்படிச் சொன்னீங்கன்னு பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

எமிமாள் திரையை அவள் பக்கம் திருப்பினாள். அன்று காலைக் காற்று மேற்கிலிருந்து சற்றே வடக்கு சாய்ந்து வீசிக்கொண்டிருந்தது. மேடுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு செந்நிறக் கோடு கிளம்பி, ஏதோ ஒரு தெருவைத் தொட்டுவிட்டுக் கடலுக்குப் போனது. எந்தக் கோடும் நேராகக் கடலுக்குப் போகவில்லை. எமிமாள் பொறுமையாக விளக்கினாள். கடலுக்கு இன்று எவ்வளவு வேண்டும், எந்தத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள், நேற்று யார் முறை, எதையும் மறைக்கவில்லை. தவசிமுத்து இறந்த அன்றைக்குத் தெற்கு மேட்டுக்குப் பதிலாக எதைத் திறந்திருக்கலாம் என்பதையும் காட்டினாள். அந்தக் கோடு அங்கன்வாடியின் மேல் போனது.

கனகமணி விரலால் ஒரு கோட்டைத் தொடர்ந்தாள். அது அவள் வேலை செய்யும் கருவாட்டுக் களத்துக்கு எதிரே கடலில் போய் நின்றது.

"எவ்வளவு திறந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது?"

"அப்படி ஒரு அளவு இல்ல கனகமணி. தேடிப் பாத்துட்டேன்."

"திறக்காமலே விட்டா?"

"அப்பவும் ஆகும். மெதுவா ஆகும். எல்லாருக்கும் ஆகும்."

"அப்போ இதுக்கு முன்னாடி இத்தனை காலமா காத்து எப்படி முடிவு பண்ணுச்சு?"

"அது முடிவு பண்ணல" என்றாள் எமிமாள்.

மண்கீறியை ஓட்டுபவன் வாசலில் வந்து நின்றான். எந்த மேட்டுக்குப் போகட்டும் என்று கேட்கவே தினமும் அந்த நேரத்துக்கு வருவான். உள்ளே கனகமணியைக் கண்டதும் தயங்கி, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். எமிமாள் திரையைத் தன் பக்கம் திருப்ப எழுந்தாள். கனகமணி அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காலால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இருங்க அண்ணே" என்று அவனிடம் சொல்லிவிட்டு, முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொரு தெருவாகப் பார்க்கத் தொடங்கினாள்.